அறுத்துத் திறந்த தொட்டி

2025ஆம் ஆண்டு மழைக்காலத்தின் நடுவே, மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது மட்டும் ஒரு புதுச் சத்தம் எழுப்பத் தொடங்கியது. துவைக்கும்போது அமைதியாகத்தான் இருக்கும். தண்ணீரை வெளியேற்றிவிட்டு டிரம் வேகம் பிடிக்கும்போது அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். வேகம் கூடக் கூட அது வீடு முழுவதும் நிறைந்து, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. அடுக்களையில் இருந்த அம்மா, "அரிசி போடாம கிரைண்டர ஓட்டுனா கேக்குமே, அதே சத்தம்லா இது" என்றார். 79 வயதில் அவருக்குக் கண் மங்கியிருக்கிறது. இயந்திரச் சத்தத்தை இனங்காணும் காது மட்டும் அப்படியே இருக்கிறது.

2020 தீபாவளிக்கு வாங்கிய மெஷின் அது. விலை 27,500 ரூபாய். ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக நிறையவில்லை. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் புகார் பதிந்த மூன்றாம் நாள் ஓர் இளைஞர் வந்தார். மூடியைத் திறந்து டிரம்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்; ஒருமுறை சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்; பேரிங் போய்விட்டது என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அவருடைய கணிப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை இத்தனை மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பேரிங் மட்டும் தனியாக வராது, டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியை முழுதாக மாற்ற வேண்டும், அந்த டப் செட்டின் விலை 13,800 ரூபாய், வேலைக்கூலி 1,800, இரண்டுக்கும் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 18,408 ரூபாய் என்று அவர் கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கைபேசியில் அடுத்த பக்கத்தைத் தள்ளி, பழைய மெஷினைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தால் 3,000 ரூபாய் கழிவு உண்டு என்பதையும் காட்டினார்.

பேரிங் என்பது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள மெஷின்களில் துணி போடும் எஃகு டிரம்மின் பின்புறத்தில், மூன்று கைகள் விரித்த ஓர் அலுமினியச் சட்டம் இருக்கும். அதன் நடுவிலிருந்து கிளம்பும் இரும்புத் தண்டு வெளித் தொட்டியின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு போய் ஒரு சக்கரத்தைத் தாங்கும். தண்டு சுவரைக் கடக்கும் இடத்தில் இரண்டு பேரிங்குகளும், தண்ணீர் அவற்றுக்குள் போகாமல் தடுக்க ரப்பரால் ஆன ஓர் ஆயில் சீலும் உண்டு. பேரிங் தானாகக் கெடுவது அரிது. முதலில் தேய்வது சீல்தான். அது தேய்ந்ததும் சோப்புத் தண்ணீர் உள்ளே கசிந்து பேரிங்கிலுள்ள கிரீஸைக் கரைத்துவிடுகிறது. குண்டுகள் துருப்பிடித்து உரசத் தொடங்குகின்றன. சீல் ரப்பர் என்பதால் அது ஒருநாள் தேயத்தான் செய்யும். அதை வடிவமைத்தவர்களுக்கு அது தெரியாமலிருக்க வாய்ப்பே இல்லை. முன்பெல்லாம் இந்தத் தொட்டி இரண்டு பாதிகளாக வந்தது. சுற்றிலும் போல்ட்டோ கிளிப்போ போட்டு இணைத்திருப்பார்கள். கழற்றினால் பேரிங்கையும் சீலையும் தட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். இப்போது பல மாடல்களில் அந்த இரண்டு பாதிகளின் விளிம்புகளையும் உருக்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறார்கள். தேயும் என்று தெரிந்த ஒரு பொருளை, எடுக்கவே முடியாத இடத்தில் வைத்து மூடிவிடுகிறார்கள்.

அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. கிளம்பும் முன் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "ஆன்ட்டி, கம்பெனி எங்களைத் திறக்க விடுவதில்லை. வெளியே தெரிந்த மிஸ்திரி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்." தொழில் படித்து வந்த பிள்ளைக்குத் திறந்து பார்க்கும் உரிமைகூட இல்லாமல், விலைப்பட்டியல் காட்டும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

மெஷினின் நெற்றியில், 'மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி' என்று பளபளக்கும் ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் நானும் என் கணவரும் நம்பினோம். இப்போது அதைப் படிக்கும்போது வேறொன்று புரிகிறது. பிரஷ் இல்லாத இந்த இன்வெர்ட்டர் மோட்டாரில் தேய்வதற்குக் கார்பன் துண்டு கிடையாது. அது இயல்பாகவே நெடுங்காலம் ஓடக்கூடியது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரும் அப்படித்தான். எண்ணெயோடு சேர்த்து இரும்புக் குடுவைக்குள் வைத்துப் பற்றவைத்த பொருள் அது, தொல்லை தராமல் ஓடக்கூடியது. அந்த மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையான பிசிபி போர்டுக்கும், தொட்டிக்கும், பேரிங்குக்கும், தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்கும் எங்கள் அட்டையில் எழுதியிருப்பது இரண்டே ஆண்டுகள். எது கெடாதோ அதற்கு நீண்ட உறுதிமொழியும், எது கெடுமோ அதற்குக் குறுகிய உறுதிமொழியும் தந்திருக்கிறார்கள். மற்ற சாதனங்களின் அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஃப்ரிட்ஜிலும் இதே கதைதான்.

அம்மாவும் நானும் உடனே நினைத்தது அண்ணாச்சியைத்தான். தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 1980களிலிருந்து மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் பழுது பார்த்து வருபவர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்த பெரிய காரியம் ஒன்றை இங்கே எழுதாமல் மேலே போக முடியாது.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்போது நாங்கள் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே தரைத்தளத்தில் குடியிருந்தோம். அந்தப் பகுதி பள்ளம். சாதாரண மழைக்கே தண்ணீர் கட்டும். அன்று வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. அப்பாவும் நானும் அரிசி மூட்டையையும் அலமாரியிலிருந்த பத்திரங்களையும் பரண்மேல் ஏற்றினோம். ஃப்ரிட்ஜையும் கிரைண்டரையும் யாரால் தூக்க முடியும்? மிக்ஸியைக்கூட மறந்துவிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் எல்லாமே சேறு. சாக்கடை நாற்றம் போக ஒரு வாரம் பிடித்தது.

அண்ணாச்சி நான்காம் நாள் வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் சுவிட்சப் போட்டுப் பாக்கலைல்லா?" என்பதுதான். போடவில்லை என்றதும் அவருக்கு முகம் தெளிந்தது. மிக்ஸியையும் கிரைண்டரையும் பிரித்து, மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவினார். தண்ணீர் போன பொருளை மறுபடியும் தண்ணீரில் கழுவுகிறாரே என்று அம்மா பதறியபோது, சாக்கடைத் தண்ணியில உப்பும் சேறும் இருக்கும்மா, அது உள்ள நின்னா செம்பு அரிச்சுப்போவும் என்றார். வெயில் இல்லாத ஜூலை மாதம். ஒரு தகர டின்னுக்குள் மோட்டாரை வைத்து, மேலே 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, இரவும் பகலுமாக இரண்டு நாள் அந்தச் சூட்டிலேயே காய வைத்தார். பிறகு இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வைண்டிங்மேல் வார்னிஷ் ஊற்றி மறுபடியும் உலர்த்தினார். பேரிங்குகளை மாற்றினார், மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் புதிதாகப் போட்டார். ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸருக்குள் தண்ணீர் போக வழியே இல்லை. வெளியே ஒட்டியிருக்கும் ரிலேயையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் மாற்றினார். தொலைக்காட்சிப் பெட்டி பிழைக்கவில்லை. மற்ற மூன்றும் ஓடின. அந்த ஃப்ரிட்ஜ் 2016 வரை எங்களிடம் இருந்தது. கிரைண்டர் இன்றும் இருக்கிறது. வாரத்துக்கு இருமுறை அதில்தான் இட்லிக்கு அரைக்கிறோம்.

சாக்கடையில் மூன்று நாள் கிடந்த இயந்திரம் பிழைத்தது. உலர்ந்த அறையில், மேடைமேல், உறை போட்டு வைத்திருந்த இயந்திரம் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்ததற்காகக் குப்பைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. 1989இல் அப்பா அந்த ஃப்ரிட்ஜை வாங்கத் தன் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்தார். இன்று ஒரு மாதச் சம்பளத்துக்குள் அதைவிடப் பெரியது கிடைக்கிறது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் ஓசோனைக் கெடுக்கும் ஆர்12 வாயு இருந்தது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலகம் அதைப் படிப்படியாகக் கைவிட்டது நல்ல காரியம். 2006இல் நட்சத்திர முத்திரை வந்த பிறகு ஃப்ரிட்ஜும் ஏசியும் இழுக்கும் மின்சாரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சாதாரணச் சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும்; பிரஷ் இல்லாத மோட்டாருடன் வரும் புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டித்தான் எடுக்கிறது. மின் கட்டணம் கட்டுகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா? ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டாருக்கும் தொட்டியை ஒட்டி மூடுவதற்கும் என்ன தொடர்பு? ஒன்றைக் காட்டி மற்றொன்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போல்ட் போட்ட தொட்டிக்குள்ளும் அதே இன்வெர்ட்டர் மோட்டார் அதே சிக்கனத்துடன் ஓடும்.

மும்பையில் இருக்கும் நமக்கு மிக்ஸியின் கதை தெரிந்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இந்த ஊரில் எஞ்சினியராக வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் மனைவி மாதுரி, வெளிநாட்டு மிக்ஸர் ஒன்றை வைத்திருந்தார். இந்திய அரைப்பின் பளு தாங்காமல் அது பழுதானது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. அதன் பிறகுதான் மாத்தூர், உளுந்தும் மஞ்சளும் தேங்காயும் அரைபடக்கூடிய, வலுவான மோட்டார் கொண்ட ஓர் இயந்திரத்தைத் தாமே உருவாக்கினார். 1963இல் தொடங்கிய அவர்களுடைய நிறுவனத்திலிருந்துதான் சுமீத் மிக்ஸி வந்தது. சரிசெய்ய முடியாத ஒரு பொருளால் வந்த தவிப்பிலிருந்து பிறந்தது அது. எங்கள் அம்மாவின் முதல் மிக்ஸியும் சுமீத்தான். அதன் அடியில் நான்கு ஸ்க்ரூக்கள். கழற்றினால் மோட்டார் கையில் வந்துவிடும். கார்பன் தேய்ந்தால் அதைத் தெருமுனைக் கடையில் வாங்கி நாங்களே மாட்டினோம். கப்ளரின் பற்கள் மழுங்கினால் அதற்கும் சில ரூபாய்தான். ஜார் கசிந்தால் புஷ் மாற்றித் தருவார்கள். பளு அதிகமாகி நின்றுபோனால் அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும் என்பது எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்படித் தெரிந்துவைத்திருந்ததை நாம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவருவதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. என் மகளுக்கு 24 வயது. கணினித் துறையில் வேலை செய்கிறாள், புத்திசாலி. அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை என்றால் அவளுக்கு முதலில் தோன்றுவது புதிதாக ஒன்று வரவழைப்பதுதான். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பார்த்து வளர்ந்த எந்தப் பொருளிலும் சாதாரணத் திருப்புளியில் திரும்பக்கூடிய ஸ்க்ரூ இல்லை. ஒன்று, நட்சத்திர வடிவத் தலை கொண்ட ஸ்க்ரூவாக இருக்கிறது. அல்லது ரிவெட் அடித்திருக்கிறார்கள். அல்லது பிளாஸ்டிக் கொக்கிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், திறந்தால் உடையும். எங்கள் பழைய அயர்ன் பாக்ஸில் கைப்பிடிக்குக் கீழே இரண்டு நட்டுகள் இருந்தன, அவற்றைக் கழற்றினால் எலிமெண்ட் தகடு தனியாக வந்துவிடும், மாற்ற முடியும். இப்போது எலிமெண்ட்டை அடித்தட்டின் உலோகத்துக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜில் முன்பு பின்புறம் கறுப்புக் கம்பிவலையாகத் தெரிந்த குழாய்களை இப்போது சுவரின் நுரைக்குள் புதைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், எங்கே விழுந்தது என்று கண்டுபிடிப்பதற்கே சுவரைக் கிழிக்க வேண்டும்.

போர்டு விஷயம் இன்னும் மோசம். தூசியும் ஈரமும் படாமலிருக்க வாஷிங் மெஷினின் போர்டுமேல் ரெசின் ஊற்றி முழுதாக மூடுகிறார்கள். கடற்கரை ஊரான மும்பையில் உப்புக் காற்று செம்புத் தடங்களை அரிக்கும் என்பதால் இந்தப் பாதுகாப்பு தேவைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெல்லிய பூச்சு ஒன்று பூசினாலும் ஈரத்தைத் தடுக்கலாம். அதைச் சுரண்டிவிட்டுப் பழுதான ஒரு பாகத்தை மட்டும் மாற்றவும் முடியும். தடிமனாக ரெசின் ஊற்றிவிட்டால், உள்ளே பத்து ரூபாய் கெபாசிட்டர் ஒன்று கெட்டிருந்தாலும் யாராலும் தொட முடியாது. லாமிங்டன் ரோட்டில் எந்த எலக்ட்ரானிக் பாகமும் கிடைக்கும் என்பது இந்த ஊரின் பெருமை. பாகம் கிடைத்து என்ன பயன், வைக்க இடமில்லையே!

இதைச் சட்டத்தால் சரிசெய்ய முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஓரளவு முடியும் என்பதே என் எண்ணம். நம் நாட்டில் கார்கள் விஷயத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது: உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்ட் மாதம் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வாகனங்கள் ஆகியவற்றோடு வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. 2024 செப்டம்பரில், ஒரு பொருளைச் சரிசெய்வது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாக அட்டையில் போடுவதற்கான வழியைக் காண மற்றொரு குழு அமைந்தது. 2025 மே மாதம் அது அறிக்கை தந்தபோது முதற்கட்டத்துக்கு எடுத்துக்கொண்டவை கைபேசிகளும் டேப்லெட்டுகளும்தான். வாஷிங் மெஷினுக்கு எப்போது முறை வரும் என்று காத்திருக்கிறேன். பிரான்சில் அப்படிப்பட்ட மதிப்பெண்ணை 2021 ஜனவரியிலிருந்து கடைகளில் காட்டுகிறார்கள். அந்த முதல் பட்டியலிலேயே வாஷிங் மெஷின் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரு வாஷிங் மெஷின் மாடலின் கடைசி உருப்படி சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகளுக்கு அதன் உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும், கேட்ட 15 வேலை நாள்களுக்குள் அனுப்ப வேண்டும், பொதுவாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே, மெஷினுக்குச் சேதம் இல்லாமல் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது, அந்தப் பட்டியலில் பேரிங் என்ற சொல்லுக்கு வரும் வரை. டிரம், அதன் பின்சட்டம், அவற்றைச் சேர்ந்த பேரிங்குகள் ஆகியவற்றைத் தனித்தனியாகவோ ஒன்றாகச் சேர்த்தோ தரலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. 'ஒன்றாகச் சேர்த்தோ' என்ற அந்தச் சின்ன இடத்துக்குள் எங்கள் வீட்டு 13,800 ரூபாய்த் தொட்டி தாராளமாக நுழைந்துவிடும். நம் நாட்டில் இப்படியொரு விதி வரும்போது அந்தச் சொற்றொடர் அதில் இடம்பெறக் கூடாது என்று எழுதிக் கேட்டு, நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். படிப்பவர்களும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குப்பை எங்கே போகிறது என்பதையும் நாம் பார்க்காமல் இருக்கிறோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. எங்கள் மாடியில் அடுத்த வீட்டுக்காரர் சென்ற ஆண்டு இதே பேரிங் கோளாறுக்காகத் தன் மெஷினை பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவுக்கு 1,200 ரூபாய்க்குப் போட்டார். கண்முன்னால் மோட்டாரைப் பிடுங்கித் தனியாக வைத்தார்கள். மெஷின் ஆடாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் கான்கிரீட் எடைக்கட்டியை உடைத்து வளாகத்து மூலையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அது இன்னும் அங்கேயே கிடக்கிறது. அந்த மோட்டாருக்கு இன்னும் ஐந்து ஆண்டு வாரண்டி மிச்சம் இருந்தது.

அண்ணாச்சியிடம் நாங்கள் மெஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். தாராவி மறுசீரமைப்புக்காகக் கணக்கெடுத்தவர்கள் கடையின் ஷட்டரில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கடை இங்கேயே இருக்குமா என்று கேட்டதற்கு, "இருக்க வரைக்கும் இருப்போம்" என்று மட்டும் சொன்னார். இந்த வகைத் தொட்டியை இதற்கு முன் நான்கைந்து திறந்திருப்பதாகவும், திறந்த பிறகு கசிந்தால் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கூடவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

உடனே அறுத்துவிடவில்லை. தொட்டியைச் சுற்றி ஒட்டுப்போட்ட விளிம்பு ஒரு விரலகலம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதில் முதலில் சீரான இடைவெளியில் மார்க்கரால் புள்ளி வைத்து, டிரில்லால் துளை போட்டார். ஒட்டு பிரியுமுன் துளை போட்டால்தான் திரும்பச் சேர்க்கும்போது இரண்டு பாதியும் பிசகாமல் உட்காரும் என்று விளக்கினார். பிறகு ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சட்டம் இல்லாமல் வெறும் பிளேடாலேயே ஒட்டின் கோட்டோடு அறுக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் சூடாகி இளகிப் பிளேடில் ஒட்டும்போதெல்லாம், உதவிக்கு நின்ற பையன் கொஞ்சம் தண்ணீர் விட்டான். முழுச் சுற்றும் அறுக்க ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. 68 வயது மனிதர், இடையில் ஒரு டீக்கு மட்டும்தான் நிறுத்தினார்.

பாதிகள் பிரிந்தபோது உள்ளே தொட்டியின் சுவரெல்லாம் ஐந்து ஆண்டுச் சோப்புக் கசடு கட்டியாகப் படிந்திருந்தது. தண்டின் தலையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டியதும் டிரம் கழன்றது. பேரிங்கிலிருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. ஆயில் சீலை நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் உதடு ஒரு பக்கத்தில் மட்டும் காகிதம்போல் தேய்ந்திருந்தது. நகத்தால் தடவினால்தான் தெரியும். 18,408 ரூபாய்க்குக் காரணம் அந்த ஒரு பக்கத் தேய்மானம்தான். தண்டில் பள்ளம் விழவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அது இருந்தாப் போதும்மா, மத்தது நம்ம பாடு என்றார்.

6205, 6206 என்ற எண்ணுள்ள இரண்டு பேரிங்குகளையும் சீலையும் பையன் முந்தின நாளே நாக்தேவி தெருவில் வாங்கி வைத்திருந்தான். மூன்றும் சேர்ந்து 940 ரூபாய். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே புதியதன்மேல் வைத்து, சுற்றிச் சுற்றிச் சீராகத் தட்டி உள்ளே இறக்கினார். சீலின் உதட்டில் சோப்புத் தண்ணீரைத் தாங்கும் கிரீஸைத் தடவினார். கசடையெல்லாம் தேய்த்துக் கழுவி உலர்த்தி, அறுத்த விளிம்பில் சிலிக்கான் பூசி, பாதிகளைச் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எதிரெதிர்ப் பக்கமாக முடுக்கிக்கொண்டே வந்தார். மொத்தம் 32 போல்ட். ஒரு நாள் முழுக்க அப்படியே காய விட்டார். அவர் கேட்ட கூலி 3,500, டெம்போவுக்கு 800. எல்லாம் சேர்ந்து 5,240 ரூபாய்.

மெஷினை மூடுவதற்கு முன் தொட்டியின் பின்புறத்தில் மார்க்கரால் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரிங் எண்கள், சீலின் அளவு, 2025 ஜூலை, போல்ட் 32 என்று தமிழில் எழுதியிருந்தார். "அடுத்தாப்ல திறக்கறவனுக்குத் தெரியணும்லா" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு வாரம் மெஷினின் அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தோம். நனையவில்லை. எட்டாம் நாள் அண்ணாச்சி தாமாகவே வந்து, பின்பலகையைக் கழற்றி, கைக்கு எட்டிய போல்ட்டுகளில் இரண்டைக் கால் சுற்று முடுக்கினார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அடுக்களை மேடையிலிருந்த மிக்ஸி ஜாரை எடுத்து, பிளேடை விரலால் ஆட்டிப் பார்த்தார். புஷ் தேஞ்சிருக்கே, நாளைக்குப் பையன அனுப்புதேன், கொடுத்துவிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.